கடையின் திறப்பு யார் கையில்? அவுஸ்திரேலிய வாடகைச் சட்டமும் எமது வியாபாரிகளும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2025 மே 19 முதல் வீட்டு உரிமையாளர் ஒருவர் தகுந்த காரணம் சொல்லாமல் வாடகைக் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. விக்டோரியாவிலும் 2025 நவம்பர் 25 முதல் அதே நிலை வந்திருக்கிறது. புதிதாக வந்து வாடகை வீடுகளில் காலம் தள்ளும் எமது குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இந்தச் செய்தி பரவியபோது அதோடு ஒரு தவறான எண்ணமும் சேர்ந்தே பரவியது. "இனிமேல் கடைக்காரரையும் சும்மா எழுப்ப ஏலாதாம்" என்று எம்மவர் சிலர் பேசிக்கொண்டதை நாம் கேட்டோம். அது சரியல்ல. மேற்சொன்ன மாற்றங்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டுமே உரியவை. கடை, உணவகம், நகைக்கடை, சிகை அலங்கார நிலையம், ரியூஷன் வகுப்பு நடத்தும் அறை ஆகியவற்றுக்கு வேறு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி குத்தகைக் காலம் முடிந்துவிட்டால், கட்டட உரிமையாளர் ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லை.

சிட்னியில் பென்டில் ஹில், வென்ட்வேர்த்வில், டூங்கபி, ஹோம்புஷ் பக்கங்களிலும் மெல்பேர்னில் டண்டினோங் பக்கத்திலும் எமது கடைகள் வியாபாரத்தை மட்டும் செய்யவில்லை. அரிசி மாவும் மிளகாய்த்தூளும் வாங்கப் போகும் இடத்தில்தான் மரண அறிவித்தலைப் பார்க்கிறோம். கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரத்தை எடுக்கிறோம். புதிதாக வந்தவருக்கு வீடோ வேலையோ விசாரிக்கிறோம். அப்படியான ஒரு கடை திடீரென்று மூடப்பட்டால் "வியாபாரம் படுத்துவிட்டது போல" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் நன்றாக ஓடும் கடைகளும் மூடப்படுவதுண்டு. ஒரு திகதியைத் தவறவிட்டதாலோ, ஒரு கடிதத்தை எழுதாமல் விட்டதாலோ, வாய்ப்பேச்சை நம்பியதாலோ கடையை இழக்க நேரிடும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

தாயகத்திலிருந்து கொண்டுவந்த எண்ணம்

எம்மில் மூத்தவர்களுக்கு வாடகைக் கடை பற்றி ஓர் ஆழமான நம்பிக்கை உண்டு: நீண்ட காலம் ஒரு கடையில் இருந்தவரை இலேசில் எழுப்ப முடியாது. இந்த நம்பிக்கை வெறும் கற்பனையல்ல. இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அதன் கீழ் வரும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அதிகபட்ச வாடகையை வரையறுத்தது. அதன் 22ஆம் பிரிவின்படி வாடகைக்காரரை வெளியேற்ற விரும்பும் உரிமையாளர் நீதிமன்றம் போய்க் காரணம் காட்ட வேண்டும். வாடகை நிலுவை, தனக்கு அந்த இடம் நியாயமாகத் தேவைப்படுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்களையே நீதிமன்றம் ஏற்கும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் போதாது.

தமிழ்நாட்டிலும் இதே போக்குத்தான் இருந்தது. அங்கு 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தின் கீழ் கடைக்காரரை எழுப்ப வேண்டுமென்றால், உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் முன் போக வேண்டும். வேண்டுமென்றே வாடகை கட்டாமல் விட்டது, அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்தை இடித்துத் திருப்பிக் கட்டுவது என்று காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. தன் சொந்த வியாபாரத்துக்காகக் கேட்பவர் அந்தத் தேவை உண்மையானது என்று காட்டியாக வேண்டும். அதே நகரில் தன் வியாபாரத்துக்கெனத் தனக்குச் சொந்தமான வேறு கட்டடத்தைப் பயன்படுத்தாதவராகவும் இருக்க வேண்டும்.

டில்லியில் நிலைமை இன்னும் இறுக்கமாக இருந்தது. 1958ஆம் ஆண்டின் டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், சொந்தத் தேவை என்ற காரணத்தைக் குடியிருப்புக்கு விட்ட இடங்களுக்கு மட்டுமே அனுமதித்தது. கடைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் தன் தேவைக்கென்று கேட்கவே முடியாது. 2008இல் சத்யவதி சர்மா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாடு காலத்துக்கு ஒவ்வாதது, சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே கடை உரிமையாளருக்கும் அந்த வழி திறந்தது.

இந்தப் பாதுகாப்புகள் பல சிறு வியாபாரிகளை வாழவைத்தன என்பது உண்மை. அவற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. வாடகை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. உரிமையாளர் கட்டடத்தைத் திருத்தாமல் விட்டார். புதிதாகக் கடை தேடுபவரிடம், கடையின் திறப்பைக் கையில் தருவதற்கென்றே பெருந்தொகை ரகசியமாக வாங்கப்பட்டது. வழக்குகள் தந்தை காலத்தில் தொடங்கி மகன் காலத்தில் முடிந்தன.

அதனால் அங்கும் காற்றுத் திசை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பெப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூல ஒப்பந்தமும் பதிவும் அதன் அடிப்படை. இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் விரைவாக மீளப் பெறுவதற்குச் சுருக்கமான நீதிமன்ற நடைமுறையைத் தந்தது. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணம் ஊரிலேயே பழையதாகிக் கொண்டிருக்கிறது.

இங்குள்ள சட்டம் எப்படிப்பட்டது

அவுஸ்திரேலியாவிலும் ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும், பின்னர் நியூ சவுத் வேல்ஸில் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகையையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தின. காலப்போக்கில் அவை தளர்ந்து போயின. இன்று சிறு கடைகளைப் பாதுகாப்பது நியூ சவுத் வேல்ஸில் 1994ஆம் ஆண்டின் சில்லறைக் குத்தகைச் சட்டமும், விக்டோரியாவில் 2003ஆம் ஆண்டின் சில்லறைக் குத்தகைச் சட்டமும் ஆகும்.

இவை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அல்ல. வாடகை எவ்வளவு என்று இவை சொல்வதில்லை. வாடகைக்காரர் கையொப்பமிடும் முன் உண்மையான தகவல் பெற வேண்டும், இடையில் ஏமாற்றப்படக் கூடாது, முடிவில் போதிய அவகாசம் கிடைக்க வேண்டும் என்பவையே இவற்றின் நோக்கம். ஊரில் சட்டம் உரிமையாளரிடம் "ஏன் எழுப்புகிறாய்?" என்று கேட்டது. இங்கு "எப்போது சொன்னாய்? எழுத்தில் சொன்னாயா?" என்றுதான் கேட்கிறது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

குத்தகை முடியும் போது

நாம் பேச்சில் 'லீஸ்' என்று சொல்லும் குத்தகை ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு என்றால், ஐந்தாம் ஆண்டின் கடைசி நாளோடு அந்த இடத்தின் மீதான உரிமை முடிகிறது. வாடகையை ஒழுங்காகக் கட்டினோம், கடையை அழகாக வைத்திருந்தோம், வாடிக்கையாளர் நிறையப் பேர் என்பதெல்லாம் உரிமையாகாது. உரிமையாளர் அந்த இடத்தைத் தன் மகனுக்குக் கொடுக்கலாம், கூடிய வாடகை தருபவருக்குக் கொடுக்கலாம், வெறுமனே பூட்டியும் வைக்கலாம்.

சட்டம் தருவது அவகாசம். இரண்டு மாநிலங்களிலும் குத்தகை முடிவதற்கு 12 மாதத்துக்கு மேற்படாமலும் 6 மாதத்துக்குக் குறையாமலும் உரிமையாளர் எழுத்து மூலம் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும்: புதுப்பிக்கப் போகிறாரா, என்ன நிபந்தனையில், அல்லது புதுப்பிக்கப் போவதில்லையா. நியூ சவுத் வேல்ஸில் 12 மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள குத்தகைகளுக்கு இந்தக் கால அளவுகள் பாதியாகும்.

உரிமையாளர் இதைச் செய்யாவிட்டால் என்ன? நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தின் 44ஆம் பிரிவு ஒரு பலமான உரிமையைத் தருகிறது. உரிமையாளர் பிந்தி அறிவித்தாலும், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை குத்தகையை நீடிக்கும்படி கடைக்காரர் கேட்கலாம். ஆனால் அந்தக் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகை முடியும் முன்னரே கொடுக்கப்பட வேண்டும். இங்குதான் எம்மவர் தவறுகிறார்கள். "அவர் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் தொடர்ந்து இருக்கலாம்தானே" என்று நினைத்துப் பேசாமல் இருந்து விடுகிறார்கள். திகதி கடந்த பின் அந்தக் கடைக்காரர் மாதத்துக்கு மாதம் இருப்பவராகிறார். பொதுவாக ஒரு மாத அறிவித்தலோடு அவரை எழுப்பிவிடலாம். ஆறு மாத அவகாசத்தை ஒரு கடிதம் காப்பாற்றியிருக்கும்.

'ஒப்ஷன்' என்ற ஒரு வரி

பல குத்தகைகளில் "5 ஆண்டு, மேலும் 5 ஆண்டு ஒப்ஷன்" என்று எழுதியிருக்கும். இதைப் பத்து ஆண்டுக் குத்தகை என்று எம்மவர் எண்ணிக்கொள்கிறார்கள். இது பத்து ஆண்டல்ல. இரண்டாவது ஐந்து ஆண்டைக் கேட்கும் உரிமை மட்டுமே அது. ஒப்பந்தத்தில் சொன்ன கால இடைவெளிக்குள், சொன்ன முறையில், எழுத்தில் கேட்டால்தான் அந்த உரிமை உயிர்பெறும். கடைசி நாளுக்கு அடுத்த நாள் கேட்டால் உரிமையாளர் மறுக்கலாம்.

இந்த இடத்தில் இரு மாநிலங்களும் வேறுபடுகின்றன. விக்டோரியாவில் 2020 ஒக்டோபர் 1 முதல், ஒப்ஷனைப் பயன்படுத்தக்கூடிய கடைசித் திகதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னர், அந்தத் திகதியையும் புதிய காலத்தின் முதல் 12 மாத வாடகையையும் உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் அப்படி நினைவூட்டும் கடமை உரிமையாளருக்கு இல்லை. சிட்னியில் கடை நடத்துபவர் அந்தத் திகதியைத் தானே குறித்து வைத்தாக வேண்டும்.

குத்தகைக் காலத்தின் நீளத்திலும் அதே வேறுபாடு உண்டு. விக்டோரியாவில் ஒப்ஷனையும் சேர்த்துக் குறைந்தது ஐந்து ஆண்டு கொடுக்க வேண்டும். கடைக்காரர் தானே விரும்பிச் சிறு வணிக ஆணையத்திடம் சான்றிதழ் பெற்றால்தான் குறைக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் இருந்த அதே ஐந்து ஆண்டு விதி 2017 யூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. வளைந்து கொடுக்கும் தன்மை வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பேரம் பேசும் பலம் உள்ளவருக்கு அது நன்மை. புதிதாகக் கடை தொடங்கி, குளிரூட்டிக்கும் சமையலறைக்கும் பெருந்தொகை போட்டுவிட்டு, ஓர் ஆண்டுக் குத்தகையில் நிற்பவருக்கு அது நன்மையல்ல.

இடித்துக் கட்டுவதற்காக எழுப்புதல்

சிட்னியில் ரயில் நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் கட்ட அரசு ஊக்கம் கொடுக்கிறது. எமது ஆரம்பகாலக் குடும்பங்கள் பல வாழ்ந்த ஹோம்புஷ், துரித அபிவிருத்திக்கென மாநில அரசு தெரிவுசெய்த எட்டு நிலையப் பகுதிகளில் ஒன்று. வெஸ்ட்மீட்டில் புதிய மெட்ரோ நிலையம் கட்டப்படுகிறது. மெல்பேர்னில் டண்டினோங் நகர மையத்தின் மறுசீரமைப்பு 2000களின் நடுப்பகுதியில் தொடங்கியது. ஃபொஸ்டர் வீதியை ஒட்டிய 'லிட்டில் இந்தியா' வியாபாரிகள் பல ஆண்டுகளாக அந்தத் திட்டத்தின் நிழலிலேயே கடை நடத்தி வருகிறார்கள். நிலையத்துக்கு அருகே இரண்டு மாடிப் பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் எமது கடை இருக்கிறதென்றால், அந்த நிலத்தின் பெறுமதி இன்று கடை வாடகையைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை.

ஆகவே இப்போது வரும் குத்தகைகளில் 'இடிப்பு விதி' இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த விதி இல்லையென்றால், கட்டடம் விற்கப்பட்டாலும் உங்கள் காலம் முடியும் வரை புதிய உரிமையாளர் உங்களை எழுப்ப முடியாது. அதற்குக் குத்தகை பதிவு செய்யப்பட்டிருப்பது பெரிய பாதுகாப்பு. நியூ சவுத் வேல்ஸில் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் குத்தகையைப் பதிவுக்குக் கொடுப்பது உரிமையாளரின் கடமை.

இடிப்பு விதி இருந்தாலும் உரிமையாளர் நினைத்தபடி செய்ய முடியாது. இரு மாநிலங்களிலும் குறைந்தது ஆறு மாத எழுத்து அறிவித்தல் வேண்டும். இடிக்கும் திட்டம் உண்மையானது என்று காட்டும் விபரங்கள் தரப்பட வேண்டும். எழுப்பிவிட்டு நியாயமான காலத்துக்குள் இடிக்காமல் விட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. கடைக்காரர் தன் செலவில் செய்த உள்வேலைப்பாடுகளுக்கும் நியாயமான நட்டஈடு கேட்கலாம். "கட்டடத்தை இடிக்கப் போகினம், சாமானை எடுங்கோ" என்று யாராவது வாயால் சொன்னால் உடனே சாமானை எடுக்க வேண்டியதில்லை. எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

வாடகை நிலுவையும் மாற்றப்பட்ட பூட்டும்

வீட்டு வாடகைக்காரரை எழுப்பத் தீர்ப்பாயத்தின் கட்டளை வேண்டும். கடைக்கு அப்படியல்ல. பல குத்தகைகளில் வாடகை 14 நாள் நிலுவையானால் உரிமையாளர் இடத்துள் மீளப் புகலாம் என்று எழுதியிருக்கும். பலப்பிரயோகம் இன்றி, கடை திறக்காத நேரத்தில் வந்து பூட்டை மாற்றி, கண்ணாடியில் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போகலாம். அதற்கு முன் நீதிமன்றம் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வாடகை தவிர்ந்த வேறு மீறல்களுக்கு, அதைத் திருத்திக்கொள்ள அவகாசம் தரும் அறிவித்தலை முதலில் கொடுக்க வேண்டும்.

காலையில் வந்து தன் திறப்பு பூட்டுக்குள் போகாமல் நிற்கும் கடைக்காரர் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. நிலுவையைக் கட்டி, இழந்த குத்தகையைத் திரும்பத் தரும்படி தீர்ப்பாயத்திடம் கேட்கும் வழி உண்டு. சிட்னியில் அது என்கட் எனப்படும் மாநிலத் தீர்ப்பாயம்; மெல்பேர்னில் வீகட். ஆனால் நாட்களைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். உரிமையாளர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் நிலைமை சிக்கலாகும்.

கொரோனாக் காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 ஏப்ரலில் தேசிய அமைச்சரவை ஒரு நடத்தைக் கோவையை அறிவித்தது. வருமானம் 30 சதவீதமோ அதற்கு மேலோ வீழ்ந்த சிறு வியாபாரிகளை வாடகை கட்டாததற்காக எழுப்ப முடியாது என்றும், வருமானம் வீழ்ந்த அளவுக்கு வாடகை குறைக்கப்பட வேண்டும், அதில் குறைந்தது பாதி முழுமையாகத் தள்ளுபடியாக வேண்டும் என்றும் அது சொன்னது. இரு மாநிலங்களும் அதைச் சட்ட விதிகளாக்கின. 2022 மார்ச்சில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிட்டது. அப்போது கிடைத்த சலுகையை நிரந்தர உரிமையென்று எண்ணி இன்றும் நிலுவையை வளரவிடுபவர்கள் தங்களைத் தாங்களே ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

கடை போனால் வீடும் போகலாம்

எமது கடைகள் பெரும்பாலும் குடும்பக் கடைகள். கம்பனி ஒன்றைப் பதிந்து அதன் பெயரில் குத்தகை எடுப்பார்கள். கூடவே கணவனும் மனைவியும் தனிப்பட்ட பிணைப் பத்திரத்தில் கையொப்பமிடுவார்கள். "சும்மா ஒரு போமாலிற்றி" என்று சொல்லித்தான் அது நீட்டப்படும். உண்மையில் அந்தப் பத்திரம், கம்பனியால் கட்ட முடியாத வாடகையையும் கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் குடும்பத்திடமிருந்து அறவிட வழி திறக்கிறது. எழுப்பப்பட்ட பின்னும், மீதிக் காலத்துக்கான வாடகை இழப்பை உரிமையாளர் கோரலாம். வேறு வாடகைக்காரரைத் தேடி அந்த இழப்பைக் குறைக்க அவர் முயன்றிருக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. அகதியாக வந்து இருபது வருடம் இரவுபகல் உழைத்து வாங்கிய வீடு அந்த ஒரு கையொப்பத்தில் தங்கியிருக்கிறது. எனவே கையொப்பமிடும் முன், பிணையை ஒரு தொகைக்கு மட்டுப்படுத்தவோ வங்கி உத்தரவாதத்தோடு நிறுத்தவோ பேரம் பேச வேண்டும்.

கையொப்பமிடும் முன்னர் சட்டம் தரும் இன்னொரு ஆயுதம் வெளிப்படுத்தல் அறிக்கை. நியூ சவுத் வேல்ஸில் குறைந்தது 7 நாள் முன்னரும் விக்டோரியாவில் 14 நாள் முன்னரும் உரிமையாளர் அதைத் தர வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் அதைத் தராவிட்டாலோ, தந்ததில் முக்கிய விபரம் பொய்யாக இருந்தாலோ, முதல் ஆறு மாதத்துக்குள் கடைக்காரர் குத்தகையை முடித்துக்கொள்ள வழி உண்டு. கட்டடத்தை இடிக்கும் எண்ணம் இருந்தால் அது வெளிவர வேண்டிய இடமும் இந்த அறிக்கைதான். திறப்பைத் தருவதற்கென்று தனிக் காசு கேட்பது இங்கு சட்டவிரோதம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

"எங்கட ஆள்தானே"

இப்போது எம்மவரில் கட்டட உரிமையாளர்களும் பலர் இருக்கிறார்கள். ஓய்வூதிய நிதியில் கடை ஒன்றை வாங்கி, எம்மவருக்கே வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுக்கும் வங்கிக் கடன் உண்டு, நில வரி உண்டு. அந்த வரியை விக்டோரியாவில் சில்லறை வாடகைக்காரரிடம் அறவிடவே முடியாது. மாதக் கணக்கில் வாடகை வராமல் தவிக்கும் உரிமையாளரையும் நாம் அறிவோம். தன் சொத்தைத் திரும்பக் கேட்பவரை உடனே கொடியவர் என்று சொல்ல நாம் விரும்பவில்லை. ஊரில் சொத்திருந்தும் அனுபவிக்க முடியாமல் போன குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அந்த வலி எமக்குப் புதிதல்ல.

சிக்கல் பெரும்பாலும் வருவது "எங்கட ஆள்தானே, எழுத்து எதற்கு" என்ற பேச்சில்தான். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள். பிறகு உரிமையாளர் இறக்கிறார், பிள்ளைகள் விற்க விரும்புகிறார்கள். அல்லது வங்கி அழுத்துகிறது. சில்லறைக் குத்தகைச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் பொருந்தும் என்பது சரி. ஆனால் என்ன காலத்துக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று எப்படி நிரூபிப்பது? நியூ சவுத் வேல்ஸின் 1919ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், காலம் குறித்த உடன்பாடு இல்லாமல் வாடகை மட்டும் கட்டி இருப்பவரை ஒரு மாத அறிவித்தலில் எழுப்பலாம் என்கிறது. பத்து வருடம் கட்டினாலும் அதே ஒரு மாதம்தான். எழுத்தில் போடுவது நட்பைச் சந்தேகிப்பதல்ல. நட்பு கெடாமல் இருக்கச் செய்யும் வேலை அது.

எல்லோருக்கும் இந்தச் சட்டங்கள் பொருந்துவதுமில்லை. நியூ சவுத் வேல்ஸில் சட்டத்தின் அட்டவணையில் உள்ள சில்லறை வியாபாரங்களும் வணிக வளாகங்களுக்குள் உள்ள கடைகளுமே அதன் கீழ் வரும். 1000 சதுர மீற்றரும் அதற்கு மேலும் பரப்புள்ள கடை வராது. களஞ்சியசாலையை வாடகைக்கு எடுத்து மொத்த வியாபாரம் செய்பவருக்கும், தொழிற்பேட்டைக் கட்டடத்தில் மண்டபம் நடத்தும் சங்கத்துக்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே சட்டம்.

நாம் என்ன செய்யலாம்

ஊரில் இருந்த வாடகைக் கட்டுப்பாடு இங்கு வர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அதன் கெடுதிகளையும் பார்த்தவர்கள் நாம். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் குறைந்தபட்ச ஐந்து ஆண்டு விதி திரும்ப வருவதும், விக்டோரியாவைப் போல ஒப்ஷன் திகதியை உரிமையாளர் நினைவூட்டும் கடமை வருவதும் நியாயமான கோரிக்கைகள். அவற்றால் உரிமையாளர் எதையும் இழப்பதில்லை. எமது வாக்குக்காகக் கோயில் விழாக்களுக்கு வரும் மாநில உறுப்பினர்களிடம் இவற்றைக் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரமே தன் குத்தகைப் பத்திரத்தை எடுத்து நான்கு விடயங்களைப் பார்க்கலாம்: முடியும் திகதி, ஒப்ஷன் கேட்க வேண்டிய முதல் நாளும் கடைசி நாளும், இடிப்பு விதி இருக்கிறதா என்பது, பிணையில் யார் கையொப்பம் என்பது. அந்தத் திகதிகளைக் கடையின் கலண்டரிலும் பிள்ளைகளின் தொலைபேசியிலும் குறியுங்கள். உரிமையாளரோடு பேசியதைப் பேசிய அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

பிணக்கு வந்தால் முதலில் போக வேண்டிய இடம் தீர்ப்பாயம் அல்ல. இரு மாநிலங்களிலும் சிறு வணிக ஆணையகங்கள் நடத்தும் சமரசப் பேச்சு முதற்படி; அதில் தீராத பிணக்கே வழக்கமாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வழக்கோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. உரையாடலைத் தமிழில் விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்க வேண்டும். எமது சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு மாலையாவது எம்மவர் சட்டத்தரணிகளையும் கணக்காளர்களையும் அழைத்துக் கடைக்காரர்களோடு உட்கார வைக்கலாம். இரவு விருந்துக்கு மண்டபம் பிடிக்கும் எமக்கு இது பெரிய வேலையல்ல.

இங்கு வந்த தொடக்கத்தில், தெரியாத ஊரில் எமக்கு முதலில் முகம் கொடுத்தவை இந்தக் கடைகள்தான். அவற்றில் ஒன்றாவது, எழுதப்படாத ஒரு கடிதத்துக்காக மூடப்படாமல் இருக்கட்டும். அடுத்த முறை சாமான் வாங்கப் போகும்போது கடைக்கார அண்ணையிடமோ அக்காவிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்கட லீஸ் எப்ப முடியுது?" உடனே பதில் வராவிட்டால், இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுங்கள்.